பந்திங் வட்டாரத்துப் பழஞ்சக்கர வாணிபம்

கிள்ளானிலிருந்து தெற்கே புறப்பட்டு, தெலுக் பங்லிமா காராங், ஜெஞ்சாரோம் ஆகிய ஊர்களைத் தாண்டிப் பந்திங்கை அடைந்து, அங்கிருந்து மோரிப் கடற்கரை வழியே மலாக்கா, ஜொகூர் என்று நீண்டு செல்லும் ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையில் பிரயாணம் செய்பவர்கள், செம்பனைத் தோட்டங்களுக்கும் கடைவரிசைகளுக்கும் நடுவே, தகரக் கூரையின் கீழ் பழைய டயர்கள் ஆளுயரத்துக்கு அடுக்கப்பட்டு, சுவரெங்கும் அலுமினியச் சக்கரங்கள் தொங்கும் பட்டறைகளைக் கண்டிருப்பார்கள். ஒரு காரிலிருந்து கழற்றிய ரிம்மை வாங்கி வேறொரு காருக்கு விற்பதும், அந்த ரிம் அடங்கி நிற்கும்படி மட்கார்டைத் தட்டி, மடித்து, வேண்டுமானால் வெட்டி அகலப்படுத்திக் கொடுப்பதும் அங்கே நடக்கும் தொழில். இத்தொழிலுக்குக் கல்வெட்டு இல்லை. சங்க மலர்களிலும் ஆலய வரலாறுகளிலும் இதற்கென ஓர் அத்தியாயம் ஒதுக்கப்படுவதில்லை. எனினும் இப்பிரதேசத்துத் தமிழர் வாழ்வில் சக்கரம் என்னும் பொருள் பெற்றிருந்த ஸ்தானத்தை முதலிலிருந்து பார்த்து வருகிறவர்களுக்கு, இந்தப் பட்டறைகள் சரித்திரத்தின் ஓரத்தில் அல்ல, அதன் நடுவிலேயே நிற்பவை என்பது விளங்கும்.

பந்திங் அமைந்துள்ள கோலலங்காட் மாவட்டம் ஒரு காலத்தில் அரசிருக்கை. சிலாங்கூர் சுல்தான் அப்துல் சமாட் 1898இல் காலமாகும் வரை ஜுக்ராவில் வாழ்ந்தார். அவருடைய சமாதி இன்றும் ஜுக்ரா குன்றின்மேல் உள்ளது. அக்காலத்தில் லங்காட் ஆறே ராஜபாட்டை, படகே வாகனம். அவர் மறைந்த சில ஆண்டுகளிலேயே, எட்வர்ட் வாலன்டைன் கேரி என்னும் துரையின் பெயரால் இன்றும் வழங்கும் கேரி தீவிலும், அதன் எதிர்க்கரையிலும் காடுகள் அழிக்கப்பட்டு, ரப்பர் கன்றுகள் ஊன்றப்பட்டன. 1888இல் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயருக்கு உரிமம் பெற்றதும், 1908இல் போர்டு கம்பெனியின் மாடல் டி கார் அமெரிக்காவில் வெளிவந்ததும், 1910இல் லண்டன் சந்தையில் ரப்பர் விலை வானத்தைத் தொட்டதும், அதையொட்டித் தஞ்சை, திருச்சி, சேலம், தென்னார்க்காடு ஜில்லாக்களிலிருந்து கங்காணிகளின் பின்னால் ஆயிரமாயிரம் குடும்பங்கள் கப்பலேறியதும் ஒரே சங்கிலியின் கண்ணிகள். உலகத்துச் சக்கரங்கள் உருளுவதற்காகவே இத்தோட்டங்கள் உண்டாயின. அவற்றில் பால் வெட்டியவர்களோ, விடியுமுன் வாளியும் கத்தியும் ஏந்திக் கால்நடையாகவே நிரைக்கு நிரை சென்றார்கள்.

அவர்களுக்குக் கிட்டிய முதற்சக்கரம் சைக்கிள். அதுவும் எளிதிலே கிட்டவில்லை. 1941ஆம் ஆண்டின் முற்பகுதியில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் மூண்ட பெரும் வேலைநிறுத்தத்தைப் பற்றி நம்மவர் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். ‘தமிழ் நேசன்’ பத்திரிகையில் துணையாசிரியராக இருந்த ஆர்.எச். நாதன் முன்னின்று நடத்திய அப்போராட்டத்தின் கோரிக்கைகளில், இந்தியருக்கும் சீனருக்கும் சமகூலி, பெண்களின் மானத்துக்குப் பாதுகாப்பு, பிள்ளைகளுக்குக் கல்வி, தகுந்த வைத்தியம், கள்ளுக்கடைகளை மூடுதல் ஆகியவற்றோடு சேர்த்து, துரைமார்களும் கிராணிகளும் எதிரே வரும்போது சைக்கிளிலிருந்து இறங்க வேண்டுமென்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்ற கோரிக்கையும் இருந்தது. வயிற்றுப்பாட்டுக்கும் உயிர்ப்பாதுகாப்புக்கும் ஆன விண்ணப்பங்களின் நடுவே, தன் சொந்த வாகனத்தில் அமர்ந்தபடியே தோட்டத்துச் சாலையைக் கடந்து செல்லும் உரிமையும் கேட்கப்பட்டதென்றால், சக்கரம் அம்மக்களுக்கு வெறும் சௌகரியமாக இருக்கவில்லை, கௌரவமாக இருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. அவ்வாண்டு மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார், சிலாங்கூரில் அவசரநிலை பிரகடனமாயிற்று, ராணுவம் வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் மாண்டனர். இன்றைக்கு ஓர் இளைஞன் தன் காரின் சக்கரத்துக்கு ஒரு மாதச் சம்பளத்தைச் செலவழிப்பதைக் கண்டு முகம் சுளிக்கும் பெரியவர்கள், இந்தப் பழைய கோரிக்கையையும் ஒருகணம் நினைவிற்கொள்வது நலம் என்பது என் அபிப்பிராயம்.

அவ்வாண்டு முடிவதற்குள் ஜப்பானியர் வந்தார்கள். சைக்கிளில் வந்த அவர்களுடைய படைவீரர், டயர் வெடித்தபோது அதைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் ரிம்மிலேயே தார்ச்சாலையில் உருட்டிச் சென்றதும், அந்த இரும்புச் சத்தத்தை இரவில் கேட்டவர்கள் டாங்கிகள் வருவதாக அஞ்சியதும் யுத்த சரித்திரத்தில் பதிவானவை. அடுத்த மூன்றரை ஆண்டுகளில் ரப்பருக்கு விலையில்லை. தோட்டத்துத் தமிழர் பல்லாயிரவர் ஜப்பானியர் போட்ட சயாம்–பர்மா ரயில் பாதை வேலைக்குக் கொண்டு செல்லப்பட்டுத் திரும்பாமலே போனார்கள். 1945 செப்டம்பர் 9ஆம் தேதி, ஜப்பான் சரணடைந்த பின்னர், பந்திங்கை அடுத்த மோரிப் கடற்கரையில் 25ஆம் இந்திய டிவிஷன் கரையிறங்கியபோது, மணலென்று எண்ணிய இடம் சேறாக இருந்தமையால் வாகனங்கள் பல அச்சளவு புதைந்து நின்றன. அந்தக் கரையிறக்கத்தை நினைவுகூரும் சின்னம் ஒன்று மோரிப்பில் உள்ளது. யுத்தம் ஓய்ந்தபின் ராணுவத்தின் உபரி ஜீப்புகளும் லாரிகளும் விற்பனைக்கு வந்தன. உதிரிபாகம் கிடைக்காத காலத்தில் ஒரு வண்டியின் உறுப்பை மற்றொன்றுக்குப் பொருத்தும் வித்தையை நம் நாட்டு மெக்கானிக்குகள் கைவரப்பெற்றது இவற்றிலே பழகித்தான்.

1950களில் கிராணிமார்களும் ஆசிரியர்களும் மோரிஸ் மைனர், ஆஸ்டின் போன்ற சிறு கார்களை வாங்கத் தொடங்கினார்கள். மோரிஸ் மைனரின் மட்கார்டுகள் தனித்தனியே போல்ட்டு முடுக்கிப் பொருத்தப்பட்டவை. நசுங்கினால் கழற்றிக் கீழே வைத்து, உட்புறத்தில் இரும்புக் கட்டையைத் தாங்கலாகக் கொடுத்து, வெளிப்புறத்தில் சுத்தியலால் தட்டி, பழைய வளைவைத் திரும்பக் கொண்டுவரலாம். பள்ளமாக நின்ற இடத்தை ஈயமும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தை உருக்கிப் பூசி, அரத்தால் தேய்த்துச் சமப்படுத்தினார்கள். பிற்காலத்தில் வந்த புட்டி என்னும் பூச்சுக்கலவை அந்த ஈயவேலையை விழுங்கிவிட்டது. மலாயில் ‘கெத்தோக்’ என்றும், தமிழில் தட்டுவேலை என்றும் அழைக்கப்படும் இத்தொழிலில் சீனப் பட்டறைகளே முன்னோடிகள். அங்கே எடுபிடியாகச் சேர்ந்து, முதல் சில ஆண்டுகள் மணல்தாள் தேய்ப்பதையும் காரைக் கழுவுவதையும் தவிர வேறொன்றும் செய்யாமல், கண்ணாலேயே கற்றுக்கொண்டு வெளியே வந்த தமிழ்ப் பையன்கள் பின்னர் சொந்தப் பட்டறை வைத்தார்கள். செந்தூல் ரயில்வே பட்டறையிலும் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புகளிலும் வளர்ந்த இரும்புத் தொழிலாளர் குடும்பங்களிலிருந்தும் சிலர் இப்பக்கம் திரும்பினார்கள். பழைய இரும்பு வியாபாரம் மலேசியத் தமிழருக்கு வெகுநாளாகப் பழக்கமான ஒன்று. கழற்றிய சக்கரத்தை விற்பது அதற்கு அடுத்த வீடுதான்.

இவ்விடத்தில் மட்கார்டின் உருவமாற்றத்தைச் சொல்லாமல் மேலே செல்வதற்கில்லை. குதிரை வண்டியில் சேறு தெறிக்காமல் சக்கரத்துக்கு மேலே பிடித்த வெறும் தகட்டிலிருந்து தோன்றி, முற்காலக் கார்களில் உடலோடு ஒட்டாத தனியுறுப்பாக நின்ற அது, இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் உடலின் பக்கச்சுவருக்குள்ளேயே கரைந்துவிட்டது. முன்பக்கத்தில் இன்றும் போல்ட்டு முடுக்கிய தகடாக இருந்தாலும், பின்பக்கத்தில் வெளித்தகடும், சக்கரக்கூட்டின் உட்தகடும் ஓரத்தில் ஒன்றாகச் சேர்த்துப் பற்றவைக்கப்பட்டு, காரின் எலும்போடு எலும்பாக ஆகிவிட்டன. ஆகையால், அகலமான சக்கரம் போட விரும்பியவன் மோரிஸ் மைனர் காலத்தில் கழற்றி மாற்றிய ஒன்றை, இக்காலத்தில் உடலிலேயே கைவைத்துச் செய்ய வேண்டியதாயிற்று. மட்கார்டு வேலை தனிச் சாமர்த்தியமாக வளர்ந்ததற்கு இதுவே காரணம்.

அலுமினியச் சக்கரத்தின் பூர்வீகம் ஐரோப்பியப் பந்தயங்கள். 1924இல் வெளிவந்த புகாட்டி 35 என்னும் பந்தயக் கார் வார்ப்பு அலுமினியச் சக்கரத்தில் ஓடியது. பாரம் குறைந்தால் வேகமும் பிடிமானமும் கூடும் என்ற அந்தச் சாஸ்திரம், 1968இல் பத்து தீகாவில் பந்தயத்திடல் திறக்கப்பட்ட பிறகு கிள்ளான் பள்ளத்தாக்கின் இளைஞர்களுக்கும் கண்கூடாயிற்று. ஆனால் பார்ப்பது வேறு, வாங்குவது வேறு. தோட்டத்து லயங்களில் இருந்தவர்களுக்குக் காரே எட்டாப் பொருளாக இருந்தது.

அந்நிலை மாறியது 1985இல். அவ்வாண்டு ஜூலை 9ஆம் தேதி, பந்திங்கிலிருந்து அதிக தூரமில்லாத ஷா ஆலம் தொழிற்சாலையில் புரோட்டோன் சாகா கார் வெளியிடப்பட்டது. அதே காலத்தில்தான் ரப்பர் மரங்கள் வீழ்த்தப்பட்டுச் செம்பனை ஓங்கியது, ஆள்தேவை குறைந்தது, தோட்டப் பிள்ளைகள் கிள்ளான், ஷா ஆலம், தெலுக் பங்லிமா காராங் தொழிற்பேட்டைகளுக்கு வேலைக்குச் சென்றார்கள். அவர்களுள் பலருடைய குடும்பத்தில், தலைமுறை தலைமுறையாக டயருக்குப் பால் வெட்டிய குடும்பத்தில், முதன்முதலாக வாசலில் வந்து நின்ற கார் சாகாவே, பெரும்பாலும் இரண்டாம் கை சாகா. 1993இல் புரோட்டோனின் வீராவும், 1994இல் பெரோடுவாவின் கஞ்சிலும் வந்தன. சாகாவின் தொழிற்சாலை ரிம் பதின்மூன்று அங்குல இரும்பு; அதை மாற்றித் தன் காரைத் தனதென்று காட்ட விரும்பியவனுக்குப் புதிய சக்கரம் வாங்கப் பணமில்லை. பழஞ்சக்கர வாணிபம் பிறந்தது இந்த இடைவெளியில்.

சரக்கு வந்த வழி கடல்வழி. ஜப்பானில் 1951 முதல் நடைமுறையிலுள்ள ‘ஷாக்கென்’ என்னும் கட்டாயப் பரிசோதனை, கார் பழசாக ஆகச் செலவு மிகுந்ததாகையால், நல்ல நிலையிலுள்ள வண்டிகளையே அங்குள்ளவர்கள் கைகழுவிவிடுகிறார்கள். அவற்றை நடுவில் அறுத்து, இயந்திரத்தோடு கூடிய முன்பாதியை ‘ஹாப்கட்’ என்ற பெயரில் கண்டெய்னரில் ஏற்றி, 1972 வரை போர்ட் சுவெட்டன்ஹாம் என்று வழங்கிய கிள்ளான் துறைமுகத்தில் இறக்கினார்கள். காப்பார் சாலையிலும் பிற இடங்களிலும் வளர்ந்த ‘பொத்தோங்’ (வெட்டு) கடைகளில் இயந்திரத்துக்கு ஒரு விலை, கியர்பெட்டிக்கு ஒரு விலை, சக்கரத்துக்கு ஒரு விலை. என்கெய், ரேய்ஸ், ஒர்க் என்ற ஜப்பானிய ரிம் கம்பெனிகளின் பெயர்கள் பந்திங் பையன்களின் வாயில் புழங்கத் தொடங்கியது இப்படித்தான். ரேய்ஸ் கம்பெனி 1996இல் வெளியிட்ட டி.இ.37 என்னும் ஆறு கால் ரிம்முக்கு அன்றும் இன்றும் உள்ள மதிப்பு குறையவில்லை. அதைப் பார்த்து வார்த்த போலிகளும், ‘செலுப்’ என்ற பெயரோடு, அதே சுவரில் பக்கத்திலேயே தொங்குகின்றன.

ஒரு காரின் சக்கரம் மற்றொரு காருக்கு அப்படியே ஏறிவிடாது. முதலாவது, நட்டுத் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம். பழைய சாகாவுக்கு நான்கு துளை, 114.3 மில்லிமீட்டர், பிற்காலத்து மைவி காருக்கு நான்கு துளை, 100 மில்லிமீட்டர். கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றினாலும் ஒன்று மற்றொன்றில் ஏறாது. இரண்டாவது, உயரம். 175/70 அளவுள்ள பதின்மூன்று அங்குல டயரின் முழுவிட்டம் ஏறக்குறைய 575 மில்லிமீட்டர். 195/50 அளவுள்ள பதினைந்து அங்குல டயரின் விட்டம் 576. ரிம் இரண்டு அங்குலம் பெரிதாகியும் சக்கரத்தின் உயரம் மாறாதபடி டயரைத் தேர்ந்தெடுத்தால், வேகமானி பொய் சொல்லாது. எந்தக் கல்லூரியிலும் காலடி வைக்காத கடைக்காரர்கள் இந்தக் கணக்கை மனத்திலேயே போட்டுச் சொல்வதைக் காணும்போது, நம்மிடையே கல்வி என்ற பெயரால் மதிக்கப்படுவதன் எல்லை எவ்வளவு குறுகியது என்று தோன்றும்.

மூன்றாவதுதான் மட்கார்டுக்கு வேலை வைப்பது: ரிம்மின் அகலமும், ‘ஆப்செட்’ என்னும் உட்தள்ளலும். ஐந்து அங்குல அகலமும் 45 மில்லிமீட்டர் ஆப்செட்டும் உள்ள ரிம்மைக் கழற்றிவிட்டு, ஏழு அங்குல அகலமும் 35 ஆப்செட்டும் உள்ளதைப் போட்டால், சக்கரம் வெளிப்பக்கம் ஏறக்குறைய 35 மில்லிமீட்டரும், உட்பக்கம் 15 மில்லிமீட்டரும் நீளும். காலியாக ஓடும்போது உரசாது. பின்னிருக்கையில் மூன்று பேர் ஏறி, வண்டி ஒரு மேட்டில் அமுங்கினால், மட்கார்டின் உள்மடிப்பு கத்தியைப்போல் டயரின் தோளை அறுக்கும். “அண்ணே, உரசுமா?” என்று கேட்கும் பையனுக்கு, “ஆள் ஏறினா உரசும் தம்பி, மடிச்சாத்தான் நிக்கும்” என்று நேர்மையாகச் சொல்கிற கடைக்காரரே மறுமுறையும் தேடிவரப்படுகிறார்.

மடிக்கும் வேலையின் பழைய முறை எளிது: உருண்டையான கட்டையொன்றை டயருக்கும் மட்கார்டின் ஓரத்துக்கும் நடுவே செருகி, இருவர் காரை மெல்ல முன்னும் பின்னும் தள்ள, கட்டை உருண்டு ஓரத்தை மேல்நோக்கி மடிக்கும். பின்னர் சக்கரத்தின் நட்டுகளிலேயே பூட்டி, கைப்பிடியால் இழுத்து உருட்டும் உருளைக்கருவி வந்தது. கருவி மாறினாலும் பொறுமை மாறவில்லை. தகட்டின் கனம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு; அதன்மேல் உலர்ந்த சாயம் குளிர்ந்திருக்கும்போது மடித்தால் வெடித்துச் சிதறும். ஆகையால் அனல்காற்று பீச்சும் துப்பாக்கியைச் சற்று தூரத்தில் பிடித்து, சாயம் கொப்புளிக்காமலும் குளிராமலும் சீராகச் சூடேற்றி, ஒரே மூச்சில் அழுத்தாமல், பலமுறை சிறிது சிறிதாக உருட்ட வேண்டும். அவசரப்பட்டவன் செய்த மட்கார்டு அலையலையாக நெளிந்திருப்பதை வெயிலில் பார்த்தாலே தெரிந்துவிடும்.

மடித்தும் போதாதென்றால் வெட்டுவார்கள். அபாயம் இங்கேதான். பின்பக்கத்து இரண்டு தகடுகளின் ஒட்டை அறுத்தெடுத்தால், அவற்றைத் திரும்பப் பற்றவைத்து, மூட்டில் பசை பூசி, துருத்தடுப்புச் சாயம் ஏற்றியே ஆகவேண்டும். வெறும் புட்டியால் மூடி, மேலே சாயம் அடித்து அனுப்பிவிடுவோரும் உண்டு. கடற்காற்றும் அடிக்கடி மழையும் உள்ள இந்நாட்டில் அந்த இடைவெளிக்குள் நுழையும் நீர், ஓரிரு ஆண்டுகளில் சக்கரக்கூட்டையே தின்றுவிடும். அறிந்தவர்கள் பழைய கார் வாங்கும்போது ஒரு சிறு காந்தத்தை மட்கார்டின் வளைவோரம் நகர்த்திப் பார்ப்பார்கள். புட்டி கனமாக உள்ள இடத்தில் அது பிடிக்காது. சரியாகச் செய்தவரின் வேலையில், அகலப்படுத்தியது கண்ணுக்கே தெரியாது. தொழிற்சாலையிலிருந்தே அப்படி வந்ததுபோல் இருக்கும். அத்தகைய கையைத் தொழிலாளியின் கை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் ஒப்பவில்லை. அது சிற்பியின் கை.

பழைய ரிம்மின் குணதோஷத்தை அறிவதும் ஒரு வித்தை. பாலன்ஸ் யந்திரத்தில் ஏற்றிச் சுழற்றினால் கோணல் தெரியும். உட்புறத்து வளையத்தை விரலால் தடவிப் பார்த்தால் முன்பு பற்றவைத்த தழும்பு தட்டுப்படும். ஜப்பானியத் தரக்குறியான ஜே.டபிள்யூ.எல். எழுத்துகள் வார்க்கப்பட்டுள்ளனவா என்றும், டயரின் பக்கத்தில் பொறித்த நான்கு இலக்கங்களில் வாரமும் ஆண்டும் எவை என்றும் பார்க்க வேண்டும். வெடித்த ரிம்மைப் பற்றவைத்து, சாயம் பூசி, நல்லதென்று விற்பவன் பணத்தை மட்டுமல்ல, வாங்கியவனுடைய குடும்பத்தின் உயிரையும் பணயம் வைக்கிறான். சட்டமும் இவ்விஷயத்தில் மௌனமாக இல்லை: 1959ஆம் ஆண்டின் மோட்டார் வாகன அமைப்பு மற்றும் உபயோக விதிகள் மட்கார்டைக் கட்டாயமாக்கியுள்ளன. டயர் வெளியே துருத்திக்கொண்டிருக்கும் வண்டி, சாலைப் போக்குவரத்து இலாகா அதிகாரியின் கண்ணிலும் 1994இல் ஏற்பட்ட புஸ்பகோம் பரிசோதனை நிலையத்திலும் தப்பாது. மட்கார்டை ஒழுங்காக அகலப்படுத்தி டயரை உள்ளே அடக்குகிற தட்டுவேலைக்காரர், அந்த அளவில், சட்டத்தின் நோக்கத்தையே நிறைவேற்றுகிறார்.

2009 அக்டோபரில், திருத்திய தேசிய வாகனக் கொள்கையை வெளியிட்டபோது, 2011 ஜூன் முதல் பழைய உதிரிபாகங்களின் இறக்குமதி தடை செய்யப்படும் என்று அரசாங்கம் அறிவித்தது. வியாபாரிகள் கலங்கினார்கள், எதிர்த்தார்கள். அறிவிப்பு வந்தபோதிலும் பழைய பாகங்களின் வாணிபம் அற்றுப்போகவில்லை. ஆனால் தடை சாதிக்காததைக் காலம் சாதித்துக்கொண்டிருக்கிறது. புதிய கார்கள் தொழிற்சாலையிலிருந்தே அலுமினிய ரிம்மோடு வருகின்றன. மலிவான புது ரிம்கள் குவிகின்றன. மடிக்கும் வேலை ஓரளவு தொடர்ந்தாலும், வெட்டிப் பற்றவைத்துத் தகட்டை வளைத்தெடுக்கும் மூத்த கைகள் குறைந்துவருகின்றன.

பந்திங்கின் தமிழ்ப்பள்ளிகளிலும் ஆலயங்களிலும் ஆண்டுமலர் வெளியிடும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். தோட்டத்தின் பெயர்களையும் தண்டல்களின் பெயர்களையும் நீங்கள் சேகரித்து வருவது போற்றத்தக்கது; அவற்றோடு, இந்த வட்டாரத்தில் முதன்முதலாகத் தட்டுப்பட்டறை வைத்த தமிழர் யார், அவர் எந்தச் சீனத் தவுக்கேயிடம் தொழில் கற்றார், ஈயம் உருக்கிப் பூசியது எப்படி, முதல் சாகாவின் மட்கார்டை மடித்தது எந்தக் கட்டையால் என்ற விவரங்களையும், அறிந்த பெரியவர்கள் நம்மிடையே இருக்கும்போதே சென்று கேட்டு, அவர்கள் சொல்லும் சொற்களிலேயே எழுதி, அடுத்த மலரில் அச்சிடுங்கள்.